மூலையில் கிடக்கும் மெஷின்



கடந்த இதழ் வெளிவந்த பின்னர் வாசகி ஒருவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "தங்கச்சி, கோழி வளருங்கள், காளான் வளருங்கள், சேமியுங்கள் என்று மாதா மாதம் எங்களுக்கு எழுதுகிறீர்கள். நல்லது. ஆனால் உங்களுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் என்ன செய்வீர்கள்? அதை ஒருநாளும் சொல்லவில்லையே" என்று கேட்டிருந்தார்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வி மனதைக் குடைந்தது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று நாங்கள் நடத்தும் கூட்டங்களில் அதிகம் அடிபடும் சொல் 'வாழ்வாதாரம்'. கணவர் இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர், என்ன தொழில் தெரியும் என்று படிவத்தில் கேட்கிறோம். "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இருந்ததில்லை. எனவே இம்மாதம் அந்தச் சகோதரியின் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய தையல் மெஷின்களைத் தேடிப் பிடித்து, கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு மறுபடியும் ஓட வைப்பது. விற்பதற்காக அல்ல. எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதுவரை ஒன்பது மெஷின்கள் ஓடியிருக்கின்றன. இரண்டு தோற்றுப் போயின.

அட்டலில் இருந்த சாக்கு மூட்டை

என் தாத்தா பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைத்தவர். ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து காலையில் நடந்தே இறங்குவார். தோட்டத்தில் பெயர் பதியாமல் சொந்தத் தொழில் செய்த மனிதர் என்று அவருக்கு லயத்தில் ஒரு மரியாதை இருந்ததாம்.

1983 யூலை 27ஆம் திகதி நண்பகலில் பதுளைக் கடைத்தெருவில் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். தாத்தா உயிரோடு மேலே வந்து சேர்ந்தார். சில நாட்கள் கழித்து இறங்கிப் போய்ப் பார்த்தபோது மெஷினின் மரப்பலகை சாம்பலாகியிருந்தது. கால்மிதிச் சட்டம் உடைந்து கிடந்தது. இரும்புத் தலை மட்டும் முழுசாக இருந்தது. அதை உருளைக்கிழங்குச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வந்தார். அடுப்புக்கு மேலே அட்டலில் வைத்தார். அதன் பிறகு அவர் தைக்கவேயில்லை. 1996இல் காலமாகும் வரை அந்தச் சாக்கை அவர் அவிழ்த்ததும் இல்லை.

நான் அந்தக் காம்பராவில் வளர்ந்தவள். அந்தச் சாக்கு எனக்கு வீட்டின் ஒரு பாகம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இந்த வேலைக்கும் வந்து பல வருடங்கள் கழியும்வரை அதை இறக்கிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பலர்மோவில் ஒரு கோப்பி மெஷின்

தோன்ற வைத்தது இத்தாலியிலிருந்து வந்த ஒரு போட்டோ. என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி கலியாணம் முடித்துச் சிசிலித் தீவிலுள்ள பலர்மோ நகரில் இருக்கிறாள். அங்கே நம் தமிழ்ச் சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவள் துப்புரவு வேலை செய்யும் வீட்டு முதியவர், வயது எழுபதுக்கு மேல், பழைய எஸ்பிரஸ்ஸோ கோப்பி மெஷின்களைத் தேடித் தேடி வாங்கித் திருத்துகிறாராம். அவருடைய மேசையில் பிரித்துப் போட்ட ஒரு மெஷினின் போட்டோவை 2018இல் எனக்கு அனுப்பினாள்.

எஸ்பிரஸ்ஸோ என்பது அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி எடுக்கும் கடுங்கோப்பி. மிலான் நகரத்து அச்சிலே காஜியா என்பவர் அதற்கு 1938இல் ஒரு புதிய முறையைப் பதிவு செய்தார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் 1948இல், நீளமான பிடியை இழுத்து விட்டால் சுருள்வில்லின் பலத்தில் வெந்நீர் கோப்பித்தூளுக்குள் இறங்கும் மெஷின்களைக் கடைகளுக்குக் கொண்டு வந்தார். கோப்பிக்கு மேலே பொன்னிற நுரை படிந்தது அப்போதிலிருந்துதான். அந்தக் காலத்து மெஷின்கள் பழைய கடைகளின் பின்புறத்திலும் இரும்புக் குவியலிலும் இன்றைக்கும் அகப்படுகின்றன. கொதிகலனுக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். ரப்பர் வளையங்கள் கல்லாகியிருக்கும். சுண்ணாம்பைப் புளிப்பு அமிலத்தில் ஊற வைத்துக் கரைத்து, வளையங்களை மாற்றி, வில்லைச் சரிபார்த்து மீண்டும் கோப்பி எடுக்கிறார்கள்.

"விற்றால் நல்ல விலை போகுமே, ஏன் விற்கவில்லை?" என்று என் சிநேகிதி கேட்டாளாம். "இதை ஓட வைக்கும் நாளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது" என்றாராம் அந்த முதியவர்.

கோப்பி எங்கள் ஊவாவுக்கும் அந்நியமல்ல. எங்கள் பாட்டன் பூட்டனை இந்த மலைகளுக்குக் கூட்டி வந்தது கோப்பிப் பயிர்தான். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் எஸ்பிரஸ்ஸோ மெஷின் ஒன்றை எங்கள் லயங்களில் தேடினால் கிடைக்காது. கிடைப்பது தையல் மெஷின். அந்தப் போட்டோவைப் பார்த்த அன்றே எனக்கு அட்டல் நினைவுக்கு வந்தது.

திருத்தப் போன இடத்தில் பிறந்தது

தையல் மெஷினின் கதையே ஒரு திருத்த வேலையில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846இல் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். 1850இல் ஐசக் சிங்கர் என்பவர் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில், அடிக்கடி பழுதாகும் வேறொருவருடைய மெஷினைப் பார்த்தார். அதைத் திருத்தப் போய், அதைவிட நல்ல மெஷின் ஒன்றையே செய்து 1851இல் காப்புரிமை பெற்றார். மனைவி கைவலிக்கத் தைப்பதைப் பார்த்த அன்பினால்தான் சிங்கர் அதைச் செய்தார் என்று காந்தியடிகள் நம்பினார். இயந்திரங்களைப் பற்றி 1924இல் உரையாடியபோது, தையல் மெஷினுக்கு அவர் விலக்குக் கொடுத்தார். கதை அப்படியில்லாவிட்டாலும் விலக்கு நியாயமானதுதான்.

சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். தவணை முறையில் மெஷின் விற்பதை அமெரிக்காவில் 1850களிலேயே தொடங்கியவர்கள் அவர்கள். மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாத குடும்பத்துக்குள் மெஷின் நுழைந்த வழி அதுதான். கட்டத் தவறினால் மெஷின் திரும்பிப் போகும். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்பதை அனுபவித்த தோழிகளுக்கு இதன் இரண்டு பக்கமும் விளங்கும்.

எங்கே தேடுவது, எப்படி அறிவது

நான் தேடும் இடங்கள் நான்கு. முதலாவது லயத்துக் காம்பராக்கள். அம்மா சீதனமாகக் கொண்டு வந்த மெஷின் இப்போது அரிசி மூட்டை வைக்கும் மேசையாக இருக்கும். இரண்டாவது பழைய இரும்புக் கடை. அங்கே தையல் மெஷினும் உடைந்த கட்டில் காலும் ஒரே தராசில்தான் நிறுக்கப்படும். மூன்றாவது பழைய தையல் வகுப்புகள் நடந்த மண்டபங்களின் களஞ்சிய அறை. நான்காவது, சொல்ல வருத்தமாக இருக்கிறது, நிவாரணமாகக் கொடுக்கப்பட்டு ஆறே மாதத்தில் மூலைக்குப் போன மெஷின்கள் இருக்கும் வீடுகள்.

கறுப்பு நிறப் பழைய சிங்கர் கிடைத்தால், அடித்தட்டின் வலது பக்கத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலத்து 'வை' எழுத்தில் தொடங்கினால் அது 1920களிலோ 1930களின் முதற்பாதியிலோ ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. 'ஈ' எழுத்தில் தொடங்கி இரண்டு எழுத்துகள் இருந்தால் 1935இலோ அதற்குப் பின்னரோ செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்த மெஷின்கள் மூடப்படவில்லை. இந்தியாவில் 1930களில் தொடங்கிய உஷா மெஷின்களும் எங்கள் பக்கம் உண்டு.

இலக்கத்தைவிட முக்கியம் உள்ளே இருக்கும் பொபின். வட்டப் பொபின் என்றால் நல்ல செய்தி. அதிலும் 'பதினைந்தாம் வகுப்பு' எனப்படும் மாதிரிக்கு இன்றைக்கும் ஊசி, பொபின், பொபின் கேஸ், வில் எல்லாம் சாதாரண தையல் சாமான் கடையில் வாங்கலாம். படகு போன்ற நீளமான ஷட்டில் உள்ள மெஷின் இன்னும் பழையது. அழகானது, ஆனால் அதன் உதிரிப்பாகங்களுக்கு அலைய வேண்டும்.

கழற்றுவதும் துடைப்பதும்

பழைய மெஷின் அசையவில்லை என்றால் அது உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. பொபின் சுழலும் பள்ளத்தில் நூல் துண்டு சிக்கியிருக்கும். அல்லது பழைய எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும்.

இந்த இரண்டாவது காரணத்துக்கு நாங்களே பொறுப்பு. மெஷின் எண்ணெய் இல்லையென்று தேங்காய் எண்ணெய் விடுகிறோம். தேங்காய் எண்ணெய் இருபத்துநான்கு, இருபத்தைந்து பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். பண்டாரவளையில் மார்கழிக் காலையில் தலைக்கு வைக்க எண்ணெய்ப் போத்தலை அடுப்பருகே வைக்கும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போத்தலில் உறைவது மெஷினுக்குள்ளும் உறையும். நாளடைவில் அரக்குப் போல இறுகிவிடும். எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே.

முதலில் ஊசித் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையிலுள்ள பஞ்சை ஊசியால் கிளறி எடுங்கள். பிறகு அசையும் மூட்டுகளுக்கெல்லாம் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு விடுங்கள். அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பலம் போடாதீர்கள். அசையாவிட்டால் இன்னும் ஓர் இரவு. சில மெஷின்களுக்கு மூன்று வாரம் எடுத்திருக்கிறது. அசைந்த பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்து, எல்லா மூட்டுக்கும் மெஷின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், வழுவழுப்பைத் தராது.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சக்கரத்தின் நடுவிலுள்ள வட்டத் திருகாணிக்குப் பின்னால் காது வைத்த ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் அநேகமாகச் சரியாகும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் எல்லோரும் பொபினைத் திட்டுவார்கள். குற்றம் மேலே இருக்கும். மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போகவில்லை என்று பாருங்கள். ஊசியை மாட்டும்போது அதன் நீளப் பள்ளம், நூல் நுழையும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த நான்கு விஷயங்கள் தெரிந்திருந்தால் மூலையில் கிடக்கும் மெஷின்களில் பாதி எழுந்து ஓடும் என்பது என் அனுபவம்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த மெஷின்களில் ஒன்றில் தங்க நிறத்தில் எகிப்து நாட்டு ஸ்பிங்க்ஸ் சிலையின் சித்திரம் அப்படியே இருந்தது. நன்றாகப் பளபளக்க வேண்டுமென்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். துணியோடு சித்திரமும் வந்துவிட்டது. பழைய கறுப்புப் பூச்சுக்கு மேல் இருப்பது அரக்கு. ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். மெஷின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியே போதும் என்பதை அன்றுதான் கற்றேன். எத்தனையோ வருடம் ஒரு வீட்டில் பத்திரமாக இருந்த சித்திரத்தை நான் இரண்டு நிமிடத்தில் அழித்தேன்.

"கறுப்பு அடிச்சா அது வேற மெஷினு"

தாத்தாவின் மெஷினை இறக்க அம்மாயி முதலில் விடவில்லை. "அத ஏன் புள்ள தொடுற?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. 2019 தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது அவரே, "எறக்கித்தான் பாரேன்" என்றார்.

பூச்சு முழுவதும் எரிந்து சாம்பல் நிறமாயிருந்தது. நெருப்பில் வார்ப்பிரும்பு தாக்குப்பிடிக்கும். ஆனால் உருக்கு வில்கள் சூட்டில் தம் விறைப்பை இழந்துவிடும். டென்ஷன் வில்லை விரலால் அழுத்தினேன். ஈயக்கம்பி போல வளைந்தது. பொபின் கேஸின் வில்லும் அப்படியே. நல்லகாலம், அது பதினைந்தாம் வகுப்பு. பதுளையிலேயே புது வில்கள் வாங்கினேன். கையால் சுற்றும் சக்கரமும் பிடியும் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டன. இரண்டு மாதத்துச் சனிக்கிழமைகள் முழுதும் மண்ணெண்ணெய், கம்பித் தும்பு, பழைய பல்துலக்கும் பிரஷ் என்று போயின.

எல்லாம் முடிந்தபின் கறுப்பு பெயின்ட் ஒரு டின் வாங்கி வந்தேன். அம்மாயி பார்த்துவிட்டு, "கறுப்பு அடிச்சா அது வேற மெஷினு" என்றார். டின்னை மூடி வைத்தேன். கறள் பிடிக்காமலிருக்க எண்ணெய் மட்டும் தடவினோம். இன்றும் அது சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது.

அம்மாயி ஒருநாளும் தைத்தவரல்ல. கொழுந்து பறித்த கை. அன்று பிடியைப் பிடித்து மெதுவாக ஒரு முழம் தூரம் வெறும் துணியில் தைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சத்தம் அதேதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் திருத்திக்கொண்ட ஒரு வார்த்தை

அதற்குப் பிறகு எனக்கு ஒரு உற்சாகம் வந்துவிட்டது. கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கறள் பிடித்த மெஷினையும் கொண்டு போவேன். எல்லோர் முன்னிலையிலும் அதைத் துடைத்து ஓட வைத்து, "நாங்களும் இப்படித்தான். கறள் பிடித்திருக்கிறோம், உடையவில்லை. கொஞ்சம் எண்ணெய் போட்டால் ஓடுவோம்" என்று சொல்லி முடிப்பேன். எனக்கு அது மிக நல்ல உதாரணமாகப் பட்டது.

ஒருநாள் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழும்பினார். "மிஸ், மெஷினுக்குப் பசிக்காது. மெஷின் ஆரையும் தேடுறதும் இல்ல. என்னைய மெஷினோட சேக்காதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அமர்ந்தார். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அவர் சொன்னது சரி. மெஷினுக்கு வில் மாற்றலாம். காணாமல் போனவருக்குப் பதில் எதை மாற்றுவது? ஓட வேண்டும், உழைக்க வேண்டும், பயன்பட வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைத் திருத்துவது என்ற எண்ணமே அந்த உதாரணத்துக்குள் ஒளிந்திருந்தது. அன்றோடு அதைச் சொல்வதை விட்டேன். இப்போது மெஷினைப் பற்றிப் பேசும்போது மெஷினைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நீல நூல்

கடைசியாக ஒரு மெஷினின் கதை. அதன் சொந்தக்காரியான அம்மா இதை எழுதச் சம்மதம் தந்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார்.

அவர் எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு தகப்பனோடு வன்னிக்குப் போய்க் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். 2008 கடைசியில் இடம்பெயரும்போது மெஷினின் தலையைக் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, வளவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். பிறகு நடந்ததை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2009 ஏப்ரல் மாதத்துக்குப் பின்னர் அவருடைய மூத்த மகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து திரும்பியபின் மெஷினைத் தோண்டி எடுத்தார். சில வருடங்கள் கழித்து, தனியே இருக்க முடியாமல் பதுளையில் தங்கையின் வீட்டோடு வந்துவிட்டார். பஸ்ஸில் மெஷினும் வந்தது.

இந்த வீட்டுக்கும் விபரம் எடுக்கப் போன யாரோ 'தையல் இயந்திரம் உண்டா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று சரி போட்டிருந்தார்கள். 'ஓடுகிறதா?' என்று படிவத்தில் கேள்வியில்லை. அது ஓடாத காரணத்தைக் கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் வராது.

நான் மெஷினைப் பார்த்தேன். சக்கரம் இறுகியிருந்தது. ஊசியில் நீல நூல் கோர்த்தபடியே இருந்தது. பருத்தி நூலாக இருந்திருந்தால் மண்ணுக்குள் உக்கியிருக்கும். இது பொலியெஸ்டர். நிறம்கூடக் கொஞ்சம்தான் மங்கியிருந்தது. பொபினை எடுக்காமல் உள்ளே துப்புரவு செய்ய முடியாது. வழக்கம்போலக் கையை உள்ளே விட்டேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதக் கழட்டாத பிள்ளை. அது அவ சுத்தின நூல்."

மகள் தங்கையின் பாவாடைக்கு விளிம்பு தைக்கப் பொபினில் நூல் சுற்றியிருக்கிறாள். பாதி தைத்திருக்கிறாள். அன்றே வெளிக்கிட வேண்டி வந்தது.

நான் கையை எடுத்தேன். மேல்பக்கத்து மூட்டுகளுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த சனியும் போனேன். பேசினோம், மெஷினின் வெளிப்பக்கத்தைத் துடைத்தோம், உள்ளே தொடவில்லை. ஓட வைக்காமலே விட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருந்தேன். மெஷின் அவருடையது. ஓட வேண்டுமா என்பதும் அவருடைய தீர்மானம்.

ஐந்தாவது சனிக்கிழமை நான் போனபோது மேசையில் ஒரு சின்னப் பவுடர் டப்பா திறந்திருந்தது. "நீ புடிச்சுக்க, நானே எடுக்கிறன்" என்றார். ஊசிக் கண்ணிலிருந்து நூலை இழுத்தார். அறுக்கவில்லை. பொபின் கேஸைத் தானே கழற்றினார். உள்ளே இருந்த பொபினை நூலோடு எடுத்து, மேல் நூலின் நுனியையும் அதோடு சுற்றி டப்பாவில் வைத்து மூடினார். மூடிய பிறகு வெகுநேரம் அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். ஆறுதல் வார்த்தை ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் சக்கரம் சுற்றியது. புதுப் பொபின் போட்டோம். திருத்திய மெஷினில் முதலில் கழிவுத் துணியில்தான் தைக்க வேண்டும். மிச்ச எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் துணியில் அவர் கோடு கோடாகத் தைத்துக்கொண்டே இருந்தார். இருட்டியபின்பும் நிறுத்தவில்லை. இப்போது அவர் தையலால் சம்பாதிக்கிறாரா என்று என் அலுவலக அறிக்கை கேட்டால், இல்லை என்றுதான் எழுத வேண்டும். தலையணை உறை தைக்கிறார், திரைச்சீலை தைக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கிழிந்த புத்தகப் பையைத் தைத்துக் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. அந்த நேரத்தில் மனது கொஞ்சம் அடங்குகிறது என்கிறார். பவுடர் டப்பா மெஷின் பெட்டியின் இழுப்பறைக்குள் இருக்கிறது.

உங்கள் மூலையில்

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். லீவு நாளில் நான் செய்வது இது. வருமானத்துக்கான யோசனைகள் அடுத்த மாதம் மறுபடியும் வரும். இந்த மாதம் ஒரு காரியமும் இல்லாமல், பிடித்ததை மட்டும் செய்ய உங்களுக்கும் ஒரு மணித்தியாலம் கிடைக்கட்டும். அது பூச்செடியாக இருக்கலாம், கோலமாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம். "புருஷன் இல்லாதவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்டால், ஆசிரியர் குழுவுக்கு என் பெயரிட்டு எழுதுங்கள். அதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுத ஆயத்தமாக இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் மூலையில் கிடந்தால், இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்க முன்னர் ஒருமுறை அதன் கைச்சக்கரத்தில் கை வையுங்கள். அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தாலும் அசையாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். உள்ளே நூல் இருந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.